வீட்டு சர்வர்: கரண்ட் போய் வந்தாலும் தானே எழுந்து நிற்க

வீட்டில் சர்வர் வைக்க நினைப்பவர் முதலில் போட வேண்டியது ஈபி கணக்கு. ஆபீஸில் கழித்துக் கட்டிய பழைய ரேக் சர்வர் சும்மா இருக்கும்போதே 100 வாட்டுக்கு மேல் இழுக்கும். 100 வாட் என்றால் நாளுக்கு 2.4 யூனிட், இரண்டு மாத பில்லில் 144 யூனிட். தமிழ்நாட்டில் யூனிட் விலை படிப்படியாக ஏறுவதால் இந்த 144 யூனிட்டும் உங்கள் பில்லின் மேல்படியில்தான் போய்ச் சேரும். ஃபேன் சத்தம் தனி. சல்லிசாகக் கிடைக்கிறதே என்று டெல் ஆர்720 வாங்கிப் படுக்கையறைக்குப் பக்கத்தில் வைத்தால், ஒரே வாரத்தில் வீட்டில் அதற்கு எதிராகத் தீர்மானம் நிறைவேறிவிடும்.

அதே வேலைகளை, அதாவது போட்டோ சேமிப்பு, வீடியோ, விளம்பரத் தடுப்பு, சோதனைக்கு நாலைந்து லினக்ஸ் மெஷின் எல்லாவற்றையும், 10 முதல் 15 வாட்டில் செய்துவிடும் பெட்டிகள் இருக்கின்றன. 15 வாட் என்றால் 60 நாளுக்கு 21.6 யூனிட்தான். இந்தக் குறிப்பு அப்படி ஒரே ஒரு சின்னப் பெட்டியை வைத்து எழுதப்பட்டது. சாஃப்ட்வேர் போடுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. கரண்ட் போய் வந்தால் யாரும் தொடாமல் பெட்டி எழுந்து நிற்பதும், டிஸ்க் செத்தால் எல்லாம் திரும்பக் கிடைப்பதும்தான் அசல் வேலை. அதனால் இடமும் அங்கேதான் அதிகம்.

எந்தப் பெட்டி

ஆபீஸ்களில் மானிட்டருக்குப் பின்னால் திருகி வைத்திருப்பார்களே, ஒரு தடிமனான புத்தகம் அளவுக்கு, அந்த மினி பிசிதான். டெல் ஆப்டிபிளெக்ஸ் 3060 அல்லது 7060 மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் எம்720க்யூ, எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி4 மினி. மூன்றும் இன்டெல் 8-ஆம் தலைமுறை. ஐ5-8500டி ப்ராசசர் என்றால் 6 கோர், 35 வாட் வகை. பெரும்பாலும் ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி, ஒரு 2.5 அங்குல சாட்டா டிஸ்க், இரண்டு லேப்டாப் வகை டிடிஆர்4 ராம் ஸ்லாட் இருக்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், பெங்களூரு எஸ்பி ரோடு கடைகளில் செகண்ட் ஹேண்டாகக் கிடைக்கும்.

கை கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் 7-ஆம் தலைமுறையும் போதும். விண்டோஸ் 11-க்கு 8-ஆம் தலைமுறையாவது வேண்டும் என்பதாலும், விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததாலும் ஆபீஸ்கள் இந்தப் பெட்டிகளைக் கழிக்கின்றன. லினக்ஸுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் 6-ஆம் தலைமுறைக்கு இறங்க வேண்டாம். 10 பிட் எச்இவிசி வீடியோவை அதன் கிராபிக்ஸ் பகுதி முழுதாகப் பிரிக்காது. வீட்டு வீடியோக்களை டிவிக்கும் போனுக்கும் அனுப்பும் ஜெல்லிஃபின் வைத்தால் ப்ராசசர் திணறும். புதிதாகத்தான் வேண்டும் என்பவர்களுக்கு என்100 பெட்டிகள்: 4 கோர், 6 வாட் வகை. ஆனால் அதில் ராம் ஒரே சேனல்; இன்டெல் கணக்கில் உச்சம் 16 ஜிபி.

கடையிலேயே பார்க்க வேண்டியவை சில உண்டு. பெட்டி ஆன் ஆனதும் முதலில் ஓடும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் நுழைந்து பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டால் அந்தப் பெட்டி வேண்டாம். அடாப்டர் அதே கம்பெனியுடையதா பாருங்கள். டெல் பெட்டி, தனக்குத் தெரியாத அடாப்டரைக் கண்டால் எச்சரிக்கை காட்டிவிட்டு ப்ராசசர் வேகத்தைக் குறைத்துவிடும். காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் 'மெஷின் ஸ்லோ' என்று அலைய நேரும். கூடவே வரும் பழைய எஸ்எஸ்டியைச் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, 500 ஜிபி டிஎல்சி வகை என்விஎம்இ ஒன்று புதிதாக வாங்குங்கள். க்யூஎல்சி வகை வேண்டாம். சர்வர் ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும், க்யூஎல்சி சீக்கிரம் தேயும். ராம் 16 ஜிபி இருந்தால் ஆரம்பிக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் 2 வேலை. பெட்டியைத் திறந்து தூசி ஊதி, ப்ராசசர் மேல் காய்ந்துபோன பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வையுங்கள். சிஆர்2032 பட்டன் பேட்டரியையும் மாற்றுங்கள். அற்பமான விலைதான், ஆனால் மொத்த ஏற்பாடும் அதன் மேல் நிற்கிறது. அந்த பேட்டரி தீர்ந்திருந்தால், நீண்ட பவர்கட்டில் பயாஸ் அமைப்புகள் அழியும். 'கரண்ட் வந்தால் தானே ஆன் ஆகு' என்று நீங்கள் சொல்லி வைத்ததும் அதோடு போகும். பிறகு மெம்டெஸ்ட் 86 பிளஸ் போட்டு ஒரு ராத்திரி ஓட விடுங்கள். ராமில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்தத் துண்டைத் திருப்பிக் கொடுங்கள்.

பயாஸ்

இன்டெல் விர்ச்சுவலைசேஷன், விடி-டி இரண்டும் ஆனில் இருக்கட்டும். டெல் பெட்டிகளில் சாட்டா ஆபரேஷன் என்ற இடத்தில் 'ரெய்டு ஆன்' என்றே கம்பெனியிலிருந்து வரும். அதை ஏஎச்சிஐ ஆக்காவிட்டால் லினக்ஸ் இன்ஸ்டாலருக்கு என்விஎம்இ டிஸ்க் கண்ணிலேயே படாது. டெல்லில் 'ஏசி ரெகவரி', லெனோவோவிலும் எச்பியிலும் 'ஆஃப்டர் பவர் லாஸ்' என்று இருப்பதை 'பவர் ஆன்' என்று வையுங்கள். 'லாஸ்ட் ஸ்டேட்' என்று விடாதீர்கள். முறையாக ஷட்டவுன் ஆன பிறகு கரண்ட் போனால், 'கடைசியாக அணைந்துதானே இருந்தேன்' என்று அப்படியே கிடக்கும். அணைந்த பெட்டியை நெட்வொர்க் வழியாக எழுப்பும் வேக்-ஆன்-லான் வசதியை ஆன் செய்யுங்கள். டெல்லில் 'டீப் ஸ்லீப் கன்ட்ரோல்' அணைந்திருந்தால்தான் அது வேலை செய்யும். எதற்கு என்பது கீழே வருகிறது.

ப்ராக்ஸ்மாக்ஸ் போடுவது

ஒரே பெட்டிக்குள் பல மெஷின்களை ஓட்டவிடும் ப்ராக்ஸ்மாக்ஸ் விஇ, டெபியன் லினக்ஸின் மேல் கட்டப்பட்டது; இலவசம். பதிப்பு 9 டெபியன் 13-ஐ அடிப்படையாகக் கொண்டது. ஐஎஸ்ஓவை இறக்கி பெண்டிரைவில் எழுதுங்கள். ரூஃபஸ் பயன்படுத்தினால் டிடி முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பூட் ஆகாது. ஒரே எஸ்எஸ்டி என்றால் இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் போதும். இசட்எஃப்எஸ் நல்ல சரக்குதான், ஆனால் ஒற்றை டிஸ்க்கில் கெட்டுப்போன தரவைக் கண்டுபிடித்துச் சொல்லுமே தவிர, சரிசெய்ய இன்னொரு பிரதி இல்லாமல் கைவிரிக்கும். எழுதும் அளவையும் கூட்டும்.

ஐபி முகவரியை நிலையாகக் கொடுங்கள். ரவுட்டர் 192.168.1.1 என்றால், அதன் டிஎச்சிபி வரம்பை (ரவுட்டர் தானாகக் கொடுக்கும் எண்களை) 100 முதல் 200 வரை சுருக்கிவிட்டு, சர்வருக்கு 192.168.1.10 வையுங்கள். வரம்பைச் சுருக்காமல் விட்டால் என்றாவது ஒருநாள் யாருடைய போனுக்காவது அதே எண் போய்விடும், அன்று சர்வர் வரும், போகும், வரும். பெயரின் வாலாக 'ஹோம் டாட் அர்பா' வையுங்கள். வீட்டு நெட்வொர்க்குக்கென்றே 2018-இல் ஒதுக்கப்பட்டது அது. 'டாட் லோக்கல்' வேண்டாம், வீட்டுக் கருவிகள் ஒன்றையொன்று பெயரால் தேடப் பயன்படுத்தும் எம்டிஎன்எஸ்ஸோடு மோதும். பெயரை இப்போதே யோசித்து வையுங்கள். பிறகு மாற்றுவது தலைவலி.

இனி மானிட்டர் வேண்டாம். பிரவுசரில் எச்டிடிபிஎஸ் முகவரியோடு 8006 போர்ட் கொடுத்தால் நிர்வாகப் பக்கம் வரும். சான்றிதழ் எச்சரிக்கை வருவது இயல்பு. அப்டேட் கொடுத்தால் 401 பிழை வரும். எதுவும் உடையவில்லை, காசு கட்டுவோருக்கான என்டர்பிரைஸ் களஞ்சியம் உங்களை உள்ளே விடவில்லை, அவ்வளவுதான். ரெப்பாசிட்டரிஸ் பக்கத்தில் அதை முடக்கிவிட்டு, 'நோ சப்ஸ்கிரிப்ஷன்' களஞ்சியத்தைச் சேர்த்தால் சரி.

இன்டெல் ஐ219 நெட்வொர்க் சிப் உள்ள பெட்டிகளில் பலரைப் பாடாய்ப் படுத்தும் கோளாறு ஒன்று உண்டு. பெரிய கோப்பு நகலெடுக்கும்போது நெட்வொர்க் திடீரென்று செத்துவிடும். பெட்டியோ விளக்கெரிய ஓடிக்கொண்டிருக்கும். கர்னல் பதிவில் 'ஹார்டுவேர் யூனிட் ஹேங்' என்ற வரி இருந்தால் இதுதான். ஈத்டூல் கருவியால் டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ என்ற இரு ஆஃப்லோடுகளையும் அணைக்க வேண்டும். அதை நெட்வொர்க் அமைப்புக் கோப்பில் போஸ்ட்-அப் வரியாக எழுதி வைக்காவிட்டால் அடுத்த ரீபூட்டில் மறுபடியும் பழைய கதை.

16 ஜிபியைப் பங்கு போடுவது

ப்ராக்ஸ்மாக்ஸுக்கே 2 ஜிபி விட்டுவிடுங்கள். விளம்பரம் தடுக்கும் ஆட்கார்ட் ஹோமுக்கு எல்எக்ஸ்சி கன்டெய்னரில் (ப்ராக்ஸ்மாக்ஸின் கர்னலையே பகிர்ந்துகொள்ளும் இலகுவான தனி அறை) 512 எம்பி. ஜெல்லிஃபினுக்கு இன்னொரு எல்எக்ஸ்சி, 2 ஜிபி; அதற்கு கிராபிக்ஸின் ரெண்டர் டிவைஸைக் கொடுத்தால் வீடியோ மாற்றும் இன்டெலின் குவிக் சிங்க் வேலை செய்யும். செயலிகளைப் பொதி பொதியாக ஓட்டும் டாக்கருக்கு ஒரு முழு விஎம் (மெஷினுக்குள் இன்னொரு மெஷின்), 8 ஜிபி. போட்டோ சேமிக்கும் இம்மிச் போன்றவை இதற்குள். டாக்கரை எல்எக்ஸ்சிக்குள் ஓட்ட முடியும்தான், ஆனால் ப்ராக்ஸ்மாக்ஸ்காரர்களே விஎம் தான் பரிந்துரைக்கிறார்கள். அப்டேட்டுக்கு அப்டேட் உடையும் வாய்ப்பு அதில் குறைவு. மிச்சம் மூன்றரை ஜிபியில் சோதனைக்கு ஒரு விஎம். அதுதான் உண்மையான 'லேப்'. திரும்பிப் போக வசதியாக அப்போதைய நிலையை ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு உடைத்துப் பாருங்கள். ஆட்கார்டும் இம்மிச்சும் வீட்டில் எல்லோரும் நம்பியிருப்பவை, அவற்றில் கைவைத்துக் கற்கக் கூடாது.

டிஸ்க் இடத்தில் ஒரு பொறி. ப்ராக்ஸ்மாக்ஸின் எல்விஎம்-தின் சேமிப்பு, 400 ஜிபி இடத்தில் 800 ஜிபி டிஸ்க்குகளை உருவாக்கவும் விட்டுவிடும். எழுதி எழுதி 100 சதவீதம் ஆகும் அன்று, அதிலுள்ள விஎம்கள் எழுத முடியாமல் நிற்கும், சில உடையும். 80 சதவீதம் தாண்டினால் சுத்தம் செய்யுங்கள். விஎம் டிஸ்க் உருவாக்கும்போது 'டிஸ்கார்ட்' டிக் போட்டால்தான் உள்ளே அழித்த இடம் வெளியே திரும்பும்.

டாக்கரில் மூன்று விஷயம் போதும். விஎம்மில் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் போட்டு போர்ட்டை மூடியிருந்தாலும், டாக்கர் திறக்கும் போர்ட் அதைத் தாண்டித் திறந்தே இருக்கும். அதன் ஐபிடேபிள்ஸ் விதிகள் முன்னால் போய் நிற்பதுதான் காரணம். இமேஜுக்கு (செயலியின் பொதிக்கு) 'லேட்டஸ்ட்' என்று எழுதாமல் பதிப்பு எண்ணை எழுதுங்கள். போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் பெரிய பதிப்பு எண் மாறினால், பழைய தரவுக் கோப்புறையை அது படிக்காது. ஏற்றுமதி செய்து இறக்குமதி செய்ய வேண்டும்.

இம்மிச்சில் முதல்முறை போட்டோக்களை ஏற்றும்போது முகம் கண்டுபிடிக்கும் வேலை நாள்கணக்கில் ப்ராசசரை வறுக்கும். ஜாப்ஸ் பக்கத்தில் ஒரே நேரத்தில் ஓடும் எண்ணிக்கையை 1 ஆக்குங்கள். தேடலுக்கு இயல்பாக வரும் ஏஐ மாதிரிக்கு ஆங்கிலம்தான் புரியும். 'கோலம்', 'மழை' என்று தமிழில் தேட வேண்டுமானால் என்எல்எல்பி என்று தொடங்கும் பன்மொழி மாதிரிக்கு மாற்றுங்கள்; அது தமிழ் உட்பட 200 மொழிகளைக் கையாளும். ராம் கூடுதலாகக் கேட்கும். மாற்றிய பின் 'ஸ்மார்ட் சர்ச்' வேலையை எல்லாப் படங்களுக்கும் மறுபடி ஓட்டினால்தான் பலன் தெரியும்.

கரண்ட்

முதலில் எர்த். மினி பிசியின் உலோக உடம்பைத் தொட்டால் விரலில் சுர்ரென்று இருந்தால், அந்த பிளக் பாயிண்டில் எர்த் இல்லை. அடாப்டருக்குள் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியாகக் கசியும் சிறு மின்சாரம் போக வழியின்றி உடம்பில் நிற்கிறது. ஆளுக்கு ஆபத்து குறைவு, ஆனால் யுஎஸ்பி, எச்டிஎம்ஐ வயர்களைச் செருகும்போது அது போர்ட்டுகளைக் கொல்லும். எலக்ட்ரீஷியனை வைத்துச் சரிசெய்யாமல் மேலே போக வேண்டாம்.

யுபிஎஸ் வாங்கும்போது விஏ எண்ணை விட முக்கியம் யுஎஸ்பி போர்ட். 30 வாட் சுமைக்கு 600 விஏ தாராளம். உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் 84 வாட்-மணி. கையில் கிடைப்பது ஏறக்குறைய அதில் பாதி. புதிதில் ஒரு மணி நேரம் தாங்கும். நம்மூர் வெயிலில் இரண்டு மூன்று வருடத்தில் அது பத்து நிமிடமாகச் சுருங்கும், அதுவும் சொல்லாமல் கொள்ளாமல். அதனால் 'பேட்டரி லோ' என்று யுபிஎஸ் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். யுஎஸ்பி வழியாக நட் எனப்படும் நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸை இணைத்து, கரண்ட் போய் 5 நிமிடம் ஆனால் ஷட்டவுன் என்று நேரக்கணக்கில் வையுங்கள். ஒவ்வொரு விஎம்மிலும், ப்ராக்ஸ்மாக்ஸ் சொல்லும் ஷட்டவுனைக் கேட்டு நடக்கும் கீமு கெஸ்ட் ஏஜென்ட் போடுங்கள். விஎம் பதில் சொல்லாவிட்டால் ப்ராக்ஸ்மாக்ஸ் 180 நொடி காத்திருக்கும், மூன்று விஎம் முரண்டு பிடித்தால் பேட்டரி தீர்ந்துவிடும்.

இப்போது பலரும் விழும் குழி. கரண்ட் போகிறது, 5 நிமிடத்தில் சர்வர் முறையாக அணைகிறது, 8-ஆம் நிமிடத்தில் கரண்ட் வந்துவிடுகிறது. யுபிஎஸ்ஸில் இன்னும் சார்ஜ் இருந்ததால் சர்வருக்கு மின்சாரம் துண்டிக்கப்படவே இல்லை. ஆகவே 'பவர் ஆன்' அமைப்புக்கு வேலையே இல்லை; பெட்டி அணைந்தே கிடக்கும். இரண்டு வழி உண்டு. ஷட்டவுனின் கடைசியில் நட், யுபிஎஸ்ஸிடம் 'வெளியீட்டைத் துண்டி, கரண்ட் வந்ததும் கொடு' என்று சொல்லலாம். மலிவு யுபிஎஸ் பலவும் இதைக் காதில் போட்டுக்கொள்ளாது. இல்லையென்றால் உள்ளங்கை அளவுக் கணினியான ராஸ்பெர்ரி பை பழையது ஒன்றை யுபிஎஸ்ஸில் அல்லாமல் நேராகச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள். கரண்ட் வந்தால் பை பூட் ஆகும். 5 நிமிடம் காத்து, பிறகு சர்வருக்கு வேக்-ஆன்-லான் செய்தி அனுப்பும். லினக்ஸ் பக்கத்திலும் ஈத்டூலால் வேக்-ஆன்-லானை இயக்கி வைத்திருக்க வேண்டும். செய்தி போய்ச் சேர நடுவில் உள்ள ரவுட்டரும் உயிரோடு வேண்டும்.

வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்தால்? அதன் பின்பக்க சுவிட்சை யுபிஎஸ் நிலையில் வைத்தால் பெட்டி அணையாமல் மாறும். ஆனால் பேட்டரி தீரப்போகிறது என்று சர்வரிடம் சொல்ல ஆள் கிடையாது. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டருக்குப் பின்னால் யுபிஎஸ் மாட்டினாலோ, அந்த மின்சாரம் சரியில்லை என்று யுபிஎஸ் தன் பேட்டரிக்கே தாவும். டிக் டிக் என்று ரிலே சத்தம் கேட்டால் அதுதான். சைன் வேவ் இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை குறைவு.

ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் தனியாக வைக்கலாம். அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகிறதா பார்த்து வாங்குங்கள்.

எல்லாம் முடிந்ததும், ஒவ்வொரு விஎம்மிலும் 'ஸ்டார்ட் அட் பூட்' டிக் இருக்கிறதா பாருங்கள். ஆட்கார்ட் முதலில், 30 நொடி கழித்து மற்றவை. பிறகு சுவர் சுவிட்சை அணையுங்கள். 8 நிமிடத்தில் போடுங்கள், எழுகிறதா? அடுத்த நாள் 2 மணி நேரம் அணைத்து வைத்துப் பாருங்கள். இரண்டிலும் கை வைக்காமல் எழுந்தால்தான் தேறியது.

இடம்: மூடிய பீரோவும் லாஃப்ட்டும் வேண்டாம். சித்திரை வெயிலில் அறையே 36, 37 டிகிரி என்றால் மூடிய தட்டுக்குள் டிஸ்க் 50-ஐத் தாண்டும். ஹார்டு டிஸ்க்கை 45-க்குள் வைக்கப் பாருங்கள். பின்பக்கக் காற்றுத் துளைகளில் மெல்லிய வலை ஒட்டினால் பல்லியும் எறும்பும் உள்ளே குடிபோகாது. வலையில் தூசி அடையும், மாதம் ஒருமுறை துடைக்க வேண்டும்.

வெளியிலிருந்து நுழைய

ரவுட்டரின் வான் ஐபி (இணையப் பக்கத்து முகவரி) 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபியைப் பகிர்ந்து தரும் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். போர்ட் ஃபார்வர்டிங் எவ்வளவு செய்தாலும் பலிக்காது. பொது ஐபி உங்களுடையதே அல்ல. டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் இதைச் சுற்றிக்கொண்டு போகும். சர்வரிலும் போனிலும் போட்டால் போதும். உண்மையான பொது ஐபி இருந்தால் வயர்கார்டு விபிஎன், யுடிபி போர்ட் 51820. எப்படியானாலும் 8006 போர்ட்டை இணையத்துக்குத் திறக்காதீர்கள்.

ஆட்கார்டை வீட்டின் டிஎன்எஸ் (தளப் பெயருக்கு ஐபி எண் சொல்லும் சேவை) ஆக்கும்போது, 'எதற்கும் இருக்கட்டும்' என்று இரண்டாவதாக கூகுளின் 8.8.8.8 போடுவார்கள். போன்கள் இரண்டையும் மாறி மாறிக் கேட்கும். விளம்பரம் பாதி வரும், பாதி வராது. ஒன்று மட்டும் கொடுங்கள், அல்லது ராஸ்பெர்ரி பையிலேயே இரண்டாவது ஆட்கார்ட் ஓட்டுங்கள்.

பேக்கப்

2 டிபி யுஎஸ்பி டிஸ்க் ஒன்றை டைரக்டரி சேமிப்பாகச் சேர்த்து, தினம் அதிகாலை 3 மணிக்கு எல்லா விஎம்களும். 7 தினப் பிரதி, 4 வாரப் பிரதி. அந்தச் சேமிப்பின் அமைப்பில் 'இஸ் மவுண்ட்பாயிண்ட்' என்பதை ஆம் என்று வைக்க வேண்டும். இல்லாவிட்டால் யுஎஸ்பி டிஸ்க் கழன்ற அன்று, காலியான அதே கோப்புறைக்குள், அதாவது உங்கள் எஸ்எஸ்டிக்குள்ளேயே பேக்கப் எழுதப்பட்டு, ரூட் நிரம்பி, மொத்த மெஷினும் நிற்கும். எல்எக்ஸ்சிக்கு வெளியிலிருந்து பைண்ட் மவுண்ட்டாகக் கொடுத்த கோப்புறைகள் இந்தப் பேக்கப்பில் சேராது என்பதையும் கவனியுங்கள். ஜெல்லிஃபினின் படங்கள் போனால் போகட்டும், குடும்ப போட்டோ அப்படி இல்லை.

போட்டோக்களுக்கு வீட்டுக்கு வெளியே ஒரு பிரதி கட்டாயம். இம்மிச்சின் அப்லோட் கோப்புறையையும் அது தினமும் எழுதும் தரவுத்தள டம்ப்பையும் சேர்த்து ரெஸ்டிக் என்ற பேக்கப் கருவி மூலம் கிளவுடுக்கோ, உறவினர் வீட்டு டிஸ்க்குக்கோ அனுப்புங்கள். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால், படங்கள் இருக்கும், ஆல்பமும் பெயர்களும் இருக்காது; அல்லது பட்டியல் இருக்கும், படம் இருக்காது. ரெஸ்டிக் எல்லாவற்றையும் பூட்டியே அனுப்பும். பாஸ்வேர்டு தொலைந்தால் யாராலும் திறக்க முடியாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏதாவதொரு விஎம்மை வேறு எண்ணில் ரெஸ்டோர் செய்து பாருங்கள். 'யூனிக்' டிக் போடுங்கள், ஸ்டார்ட் செய்யுமுன் நெட்வொர்க்கைத் துண்டியுங்கள். இல்லையேல் ஒரே ஐபியில் இரண்டு மெஷின்கள் மல்லுக்கு நிற்கும். கன்சோலில் நுழைந்து, நேற்று ஏற்றிய ஒரு போட்டோ கோப்பு திறக்கிறதா பார்த்துவிட்டு அழித்துவிடலாம்.

கடைசியாக ஒரு தாள். ரெஸ்டிக் பாஸ்வேர்டு, 8006 முகவரி, ரவுட்டர் பாஸ்வேர்டு. அதோடு, நீங்கள் ஊரில் இல்லாதபோது 'வைஃபை இருக்கிறது, நெட் மட்டும் வரவில்லை' என்று வீட்டிலிருந்து போன் வந்தால் ரவுட்டரில் டிஎன்எஸ்ஸை எந்தப் பக்கத்தில் போய்த் தானியங்கிக்கு மாற்ற வேண்டும் என்று நான்கு வரி, தமிழில். பேனாவால் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள். சர்வருக்குள் கோப்பாக மட்டும் வைத்தால், தேவைப்படும் அன்று அதைத் திறக்க முடியாது.